பார்புடா ஆளில்லாத் தீவு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் கரீபியன் கடற்கரைகளைப் பற்றி வந்த பயணக் கட்டுரையில் பார்புடாவுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். இளஞ்சிவப்பு மணல், இளவரசி டயானா ஓய்வெடுத்த கரை, கோடீஸ்வரர்களுக்காக எழும்பும் மாளிகைகள் எல்லாம் அதில் இருந்தன. 2017 புயலோடு மக்கள் கைவிட்டுப் போன தீவு என்றும், சொகுசு விடுதிகள்தான் அதற்கு இப்போது உயிர் கொடுக்கின்றன என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இது சரியல்ல. பார்புடாவில் ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் காட்ரிங்டன். அந்த ஊர் மக்கள் தங்கள் தீவைக் கைவிடவில்லை. அவர்களைப் படகிலும் விமானத்திலும் ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள். பிறகு அவர்கள் திரும்பி வந்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.

நான் ஆன்டிகுவாவில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்தவள். கணவரின் வேலை காரணமாகப் போனவள், அங்கேயே கற்பிக்கத் தொடங்கி, ஓய்வு பெறும் வரை இருந்துவிட்டேன். 2017 செப்டம்பரில் பார்புடாப் பிள்ளைகள் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் வழியாகத்தான் அந்த ஊரை அறிந்தேன். கட்டுரையில் அந்தப் பிள்ளைகளே இல்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாட்டின் பெயரே ஆன்டிகுவா-பார்புடா என்பதால் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள் என்று பலர் நினைக்கிறார்கள். நடுவில் சுமார் 50 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. விரைவுப் படகில் ஒன்றரை மணி நேரம். அலை பெரிதாக இருந்தால் படகு வராது, அவ்வளவுதான். பார்புடா ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சுண்ணாம்புக்கல் தட்டை. கிழக்குப் பக்கம் ஒரு மேட்டு நிலம் உண்டு. மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் குட்டைப் புதரும் முள்ளும்தான். மேற்கே நீண்ட உப்பங்கழி. கழிக்கும் திறந்த கடலுக்கும் நடுவே மெல்லிய மணல் திட்டு. கழியின் கிழக்குக் கரையில் காட்ரிங்டன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தீவில் சுமார் 1,600 பேர். ஏறக்குறைய எல்லாரும் அந்த ஒரே ஊரில் குடியிருந்தவர்கள்.

ஊருக்கு இந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். 1685இல் ஆங்கிலேய அரசு பார்புடாவைக் காட்ரிங்டன் சகோதரர்களுக்குக் குத்தகைக்கு விட்டது. குத்தகைப் பணம் பெயரளவுக்குத்தான். அந்தக் குடும்பத்துக்கு ஆன்டிகுவாவிலும் பார்படாஸிலும் கரும்புத் தோட்டங்கள். பார்புடாவில் மண் ஆழமில்லை, மழையும் போதாது. கரும்பு எடுபடவில்லை. அதனால் தோட்டங்களுக்கு வேண்டிய ஆடு, மாடு, குதிரை, விறகு, கரி, தானியம், காய்கறி அனைத்தையும் இங்கே உற்பத்தி செய்து அனுப்ப வைத்தார்கள். செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் வாரிசுகளும். தீவைச் சுற்றிலும் பவளப்பாறை என்பதால் கப்பல்கள் அடிக்கடி மோதி உடையும். உடைந்த கப்பலிலிருந்து பொருளை மீட்டெடுப்பதும் அவர்கள் வேலைதான். அதில் வந்த வருமானமும் முதலாளிக்கே போனது.

முதலாளி வீட்டுக்காரர்கள் தீவில் வாழவில்லை. ஒரு மேலாளரும் ஓரிரு வெள்ளையர்களும் மட்டும் இருப்பார்கள். மற்ற நூற்றுக்கணக்கானோர் வேட்டையாடினார்கள், மீன் பிடித்தார்கள், தோலைப் பதப்படுத்தினார்கள், படகு ஓட்டினார்கள், தங்களுக்கென்று சிறு கொல்லைகளில் பயிரிட்டார்கள். இதனால் அடிமைத்தனம் இனித்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சவுக்கு அங்கேயும் இருந்தது. ஆனால் மண்ணை, கழியை, காட்டை அறிந்தவர்கள் அவர்கள்தான். அவர்களில் சிலரை ஆன்டிகுவாத் தோட்டங்களுக்கு மாற்ற எஜமானர்கள் முனைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. பார்புடாவில் அடிமைகளை மிருகங்களைப் போல் இனப்பெருக்கம் செய்தார்கள் என்று ஒரு பழங்கதை இணையத்தில் இன்னும் சுற்றுகிறது. காட்ரிங்டன் குடும்பத்தின் கடிதங்களையும் கணக்குகளையும் புரட்டிப் பார்த்த வரலாற்றாய்வாளர்கள் அதற்கு ஆதாரமில்லை என்று எழுதிவிட்டார்கள். உங்கள் கட்டுரையாளர் அந்தக் கதையைத் தொடாததற்கு நன்றி சொல்ல வேண்டும்.

1834இல் விடுதலை வந்தது. அப்போது தீவில் ஏறக்குறைய 500 பேர் இருந்தார்கள். மற்ற தீவுகளில் விடுதலை பெற்றவர்களுக்கு நிலமில்லை. பழைய தோட்டத்திலேயே கூலிக்குப் போக வேண்டியதாயிற்று. பார்புடாவில் கூறு போட்டு விற்கத் தோட்டமே இல்லை. மக்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள், பயிரிட்ட இடத்தில் பயிரிட்டார்கள். தீவு நம் எல்லாருக்கும் பொது என்ற எண்ணம் அப்படி வேரூன்றியது. 1860 வாக்கில் நிர்வாகத்துக்காகத் தீவை ஆன்டிகுவாவோடு இணைத்தார்கள். 1870இல் காட்ரிங்டன்களின் குத்தகை முடிவுக்கு வந்தது. சட்டப்படி நிலம் அரசுக்கு, நடைமுறையில் ஊருக்கு. இந்த இரட்டை நிலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. இன்றைய வழக்குகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இடையில் ஒரு செய்தி. இதே காட்ரிங்டன் குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ்டபர் காட்ரிங்டன் 1710இல் இறந்தபோது ஆக்ஸ்போர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரிக்கு 10,000 பவுண்டும் தம் புத்தகங்களும் எழுதி வைத்தார். அதில் எழுந்த நூலகம் மூன்று நூற்றாண்டு அவர் பெயரைத் தாங்கி நின்றது. 2020இல் கல்லூரி அந்தப் பெயரை விட்டுவிட்டது. உழைத்தவர்களின் ஊர் மட்டும் இன்னும் அந்தப் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. மாற்றுவதும் வைத்துக்கொள்வதும் அவர்கள் விருப்பம், நமக்கு அதில் பேச்சில்லை.

1981 நவம்பர் 1ஆம் தேதி ஆன்டிகுவா-பார்புடா சுதந்திர நாடானது. பார்புடா மக்களில் பலர் ஆன்டிகுவாவோடு சேர்ந்து போக விரும்பவில்லை. லண்டன் வரை போய்த் தனியாக இருக்கிறோம் என்று வாதாடிப் பார்த்தார்கள். அது நடக்கவில்லை. ஆனால் 1976 சட்டத்தால் உருவான பார்புடா கவுன்சிலுக்கு அரசியலமைப்பிலேயே இடம் கிடைத்தது. உள்ளூர்க் காரியங்களை மக்கள் தேர்ந்தெடுத்த அந்தக் கவுன்சில் பார்க்கும். பிறகு 2007இல் பார்புடா நிலச் சட்டம் வந்தது. தீவின் நிலம் முழுவதும் பார்புடா மக்களுக்குப் பொதுச் சொத்து என்று அது எழுத்தில் சொன்னது. யாரும் விற்க முடியாது, யாரும் வாங்க முடியாது. பெரிய திட்டம் ஏதும் வருவதென்றால் மக்களில் பெரும்பான்மையோர் சம்மதிக்க வேண்டும். ஒவ்வொரு பார்புடாக்காரருக்கும் வீடு கட்ட ஒரு மனை கேட்கும் உரிமை உண்டு, பயிரிட நிலம் கேட்கும் உரிமை உண்டு, கால்நடை மேய்க்கும் உரிமையும் உண்டு. தாத்தா பாட்டியில் ஒருவராவது அங்கே பிறந்திருக்க, தானும் அங்கே பிறந்தவர் பார்புடாக்காரர். அவர்களின் பிள்ளைகள் இங்கிலாந்தில் பிறந்தாலும் பார்புடாக்காரர்களே. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பார்புடா வம்சாவளியினர் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் இது வெறும் ஏட்டு விதி அல்ல.

நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கை நினைத்துக்கொண்டால் வாசகர்களுக்குப் பாதி விளங்கும். ஒரு தீவே அப்படி இருந்தது என்றால் மீதியும் விளங்கும்.

இதை நான் சட்டப் புத்தகத்தில் கற்கவில்லை. வகுப்பில் பரப்பளவுக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தோம். செவ்வக மனை, இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம், சதுர அடிக்கு இவ்வளவு கரீபியன் டாலர், மொத்த விலை என்ன? ஆன்டிகுவாப் பிள்ளைகள் பெருக்கத் தொடங்கிவிட்டார்கள். புயலுக்குப் பின் வந்து சேர்ந்த பையன் ஒருவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "மிஸ், எங்க ஊர்ல நிலத்தை விக்க மாட்டாங்க. பரப்பளவு மட்டும் போடட்டுமா?" என்று கேட்டான். குறும்பாகக் கேட்கவில்லை. அவனுக்கு அந்தக் கேள்வியின் பின்பாதி உண்மையாகவே பொருளற்றதாக இருந்தது. வீடு இழந்து, சீருடைகூட யாரோ கொடுத்ததைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை அது.

புயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2017 செப்டம்பர் 5ஆம் தேதி இரவு தொடங்கி 6ஆம் தேதி விடியும் முன் இர்மா பார்புடாவின் மேலேயே போனது. மணிக்கு சுமார் 295 கிலோமீட்டர் வேகக் காற்று. தீவிலிருந்த காற்றளவுக் கருவி பாதியிலேயே செயலிழந்தது. தொலைத்தொடர்பு அறுந்துவிட்டதால் மறுநாள் பல மணி நேரம் ஆன்டிகுவாவில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கள் பக்கம் அவ்வளவு சேதமில்லை. மாலையில்தான் செய்தி வந்தது: தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் கட்டடங்கள் சேதம். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்துபோனது. அடுத்த புயல் ஜோஸ் பின்னாலேயே வந்துகொண்டிருந்ததால் எல்லாரையும் ஆன்டிகுவாவுக்குக் கொண்டுவர அரசு முடிவெடுத்தது. இரண்டு மூன்று நாளில் ஊர் முழுக்க வெளியேற்றப்பட்டது. கடைசியில் ஜோஸ் தீவை விட்டு விலகிப் போய்விட்டது. ஆனால் சுமார் முந்நூறு ஆண்டுகளில் முதல் முறையாகப் பார்புடாவில் குடியிருக்க ஒருவரும் இல்லை. நாய்களும் ஆடுகளும் குதிரைகளும் மட்டும் தெருவில் திரிந்தன.

கட்டுரையாளர் "கைவிட்டார்கள்" என்று எழுதியது இந்த நாட்களைத்தான்.

வந்தவர்களில் பலரைத் தங்கவைத்த இடங்களில் ஒன்று சர் விவியன் ரிச்சர்ட்ஸ் கிரிக்கெட் அரங்கம். நம் வாசகர்களுக்கு அந்த மைதானம் தெரிந்ததே. 2016 ஜூலையில் அங்கே நடந்த டெஸ்டில் கோலி இரட்டைச் சதம் அடித்தார். நம் அஸ்வின் 113 ரன் எடுத்துவிட்டு இரண்டாம் இன்னிங்ஸில் ஏழு விக்கெட்டும் சாய்த்தார். நானும் அன்று கூட்டத்தில் இருந்து கத்தியவள்தான். அடுத்த ஆண்டு அதே அரங்கத்தில் கட்டில் கட்டிலாகப் போட்டு, துணியால் மறைத்து, குடும்பங்கள் இருந்தன. வாரக் கடைசியில் ஆசிரியர்கள் சிலர் போவோம். பிள்ளைகளுக்கு நோட்டு, பென்சில் கொண்டுபோவோம். பெரியவர்கள் எங்களிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: எப்போது திரும்ப விடுவார்கள், தெரியுமா?

அதற்கு யாரிடமும் பதிலில்லை. இந்த இடைவெளியில்தான் மற்றது நடந்தது. மக்கள் ஆன்டிகுவாவில் இருக்கும்போதே பார்புடாவில் புதிய சர்வதேச விமான நிலையத்துக்காக இயந்திரங்கள் காட்டை அழிக்கத் தொடங்கின. நிலத்தைப் பொதுவாக வைத்திருந்தால் வங்கிக் கடன் கிடைக்காது, வீடு கட்ட முடியாது, ஆளுக்கு ஒரு மனையை ஒரு டாலருக்கு எழுதித் தருகிறோம் என்றார் பிரதமர் காஸ்டன் பிரவுன். 2007 சட்டத்தைத் திருத்தும் மசோதா அந்த ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2018இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

ஒரு டாலருக்கு நிலம் என்றால் நல்லதுதானே என்று ஆசிரியர் அறையிலேயே சிலர் கேட்டார்கள். என்னிடம் ஒரு மாணவியின் பாட்டி சொன்ன பதிலைச் சொல்கிறேன். "இன்னைக்கு எனக்கு ஒரு துண்டு ஒரு டாலருக்கு. நாளைக்கு என் பேரன் கஷ்டத்துல அதை வித்துடுவான். வாங்குறவன் வேலி போடுவான். இப்ப தீவு முழுக்க என்னோடது. அப்ப ஒரு துண்டும் இருக்காது." நிலத்தைப் பற்றி எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன், இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

அந்தப் பாட்டியின் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். மக்கள் திரும்பத் தொடங்கிய பிறகு, பள்ளி விடுமுறையில், சக ஆசிரியை ஒருவரோடு போனேன். படகு ஊருக்கு வராது. தெற்கே ரிவர் என்ற இடத்துத் துறையில் இறக்கிவிடும். பக்கத்தில் பீரங்கி வைத்துக் காவல் காத்த பழைய வட்டக் கோபுரம் நிற்கிறது. புயலுக்கும் அசையாத சுவர். அங்கிருந்து வண்டியில் ஊருக்கு. வழியெல்லாம் சாலையோரம் கழுதைகள். கூரைகளில் நீலத் தார்ப்பாய். சில வீடுகளில் கூரையே இல்லை, உள்ளே செடி முளைத்திருந்தது. பாட்டியின் வீட்டில் ஒரு அறைக்குத்தான் கூரை. அந்த அறையில் படுக்கை, அடுப்பு, இறந்துபோன கணவரின் படம். எங்களுக்கு மீன் குழம்பும் அவித்த மாவுருண்டையும் வைத்தார். "ஏன் கிரானி, ஆன்டிகுவாவிலேயே இருந்திருக்கலாமே, கரண்ட் இருக்கு, தண்ணி இருக்கு" என்று என் மாணவி கேட்டாள். "அது அவங்க ஊரு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

ஊர் பெரிதல்ல. அரை மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். தேவாலயங்கள், கவுன்சில் கட்டடம், ஹோலி டிரினிட்டி தொடக்கப்பள்ளி, தீவின் அரசியல் தலைவராக இருந்த மெக்செஸ்னி ஜார்ஜ் பெயரில் ஒரு உயர்நிலைப் பள்ளி, சிறு மருத்துவமனை, கழியோரம் படகுத்துறை. வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் பீசர், பண்டர், ஃபிராங்க், நெட் என்று திரும்பத் திரும்ப அதே குடும்பப் பெயர்கள். ஒருவரை விசாரித்தால் ஊரே உறவு. குதிரை என்றால் அவர்களுக்கு உயிர். வார இறுதியில் பந்தயம் ஓட்டுவார்கள். காட்டில் மான்கள் உண்டு. காட்ரிங்டன்கள் காலத்தில் கொண்டுவந்து விட்ட ஐரோப்பிய இனம் அது. இன்று நாட்டின் சின்னத்திலேயே நிற்கிறது. மழைக்காலத்தில் தரை நண்டுகள் கூட்டமாக இறங்கும். அப்போது சாக்கோடு போகாத வீடு இல்லை.

கழிக்குப் படகில் அழைத்துப் போனவர் இறால் பிடிப்பவர். அங்கே இறால் என்றால் முழங்கை நீளம் வரும் சிங்கி இறால். தீவின் முக்கிய வருமானம் அது, ஆன்டிகுவா விடுதிகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. குஞ்சு இறாலும் மீனும் வளர்வது கழியில், அலையாத்தி வேர்களுக்கு அடியில். இர்மா கழியின் மேற்கு மணல் திட்டை உடைத்து, கடலை நேராக உள்ளே விட்டுவிட்டது. "முன்னால இது அமைதியான தண்ணி. இப்ப கடலுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியல" என்று உடைப்பைக் கைகாட்டினார். பயணிகள் படம் எடுக்கும் இளஞ்சிவப்பு மணல் இந்தத் திட்டில்தான் இருக்கிறது. அது ஊருக்கு அழகுப் பொருள் மட்டுமல்ல, அணைக்கட்டும்கூட.

கழியின் வடக்கே அலையாத்திக் காட்டில் கப்பற் பறவைகளின் கூட்டம். கரீபியனில் மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்று, ஆயிரக்கணக்கில். 2005 முதல் இந்தக் கழி, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்பாட்டின் பட்டியலில் இருக்கிறது. ஆண் பறவை கழுத்துக்குக் கீழே சிவப்புப் பையை ஊதிக்கொண்டு, இறக்கையை விரித்து, அலகைத் தட்டிப் பெட்டையை அழைக்கும். புயலன்று மரமெல்லாம் இலை உதிர்ந்து மொட்டையாகி, பறவைகள் போன இடம் தெரியவில்லை. சில மாதங்களில் திரும்பி வந்து அதே குச்சிகளில் கூடு கட்டின. உலகில் வேறெங்கும் இல்லாத பார்புடாக் கதிர்க்குருவி என்றொரு சிறு பறவையும் உண்டு, கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். அது அழிந்தே போயிருக்கும் என்று பயந்தார்கள். அதுவும் தப்பியது. உங்கள் கட்டுரையில் பறவைகள் திரும்பிய செய்தி இருந்தது. மனிதர்கள் திரும்பிய செய்தி இல்லை.

விடுதிகளைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டயானா தங்கிய கே கிளப் விடுதி 2000களின் நடுவில் மூடிக் கிடந்தது. பிறகு அந்த இடத்துக்கு நடிகர் ராபர்ட் டி நீரோவும் கூட்டாளிகளும் வந்தார்கள். அவர்களுக்காகவே 2015இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. புயலுக்குப் பின் தெற்குக் கரையில் கோல்ஃப் மைதானத்தோடு தனியார் குடியிருப்புத் திட்டம் வந்தது. இவற்றில் வேலை செய்யும் காட்ரிங்டன் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஊரில் எல்லாரும் ஒரே கருத்து உடையவர்கள் என்று நான் சொல்லவில்லை. மீனையும் அரசு வேலையையும் நம்பி எத்தனை பேர் பிழைப்பது என்று கேட்கும் தகப்பன்மார்களை நானே பார்த்திருக்கிறேன். ஊரார் தம் கையாலேயே செய்த கெடுதலும் உண்டு: 1970களிலிருந்து பல்மெட்டோ பாயின்ட் மணலை அள்ளி மற்ற தீவுகளுக்குக் கட்டட வேலைக்கு விற்று, அந்தப் பணத்தில் கவுன்சில் சம்பளம் கொடுத்தது. மணல் மேடுகள் கரைந்து பள்ளங்களில் தண்ணீர் நின்றது. ஆகவே பார்புடாக்காரர்கள் இயற்கையைத் தொட்டதே இல்லை என்று பாட நான் வரவில்லை. அவர்கள் கேட்பது, எங்களைக் கேட்டுச் செய் என்பதுதான். வீடு இடிந்து, ஆளெல்லாம் வேறு தீவில் கிடந்த நேரத்தில் நிலச் சட்டத்தை மாற்றியது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. எந்த வளர்ச்சித் திட்டத்தின் பெயராலும் அந்த அவசரத்தை என்னால் நியாயப்படுத்த முடியாது.

வழக்குகள் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயின. அந்த நாட்டுக்கு இன்னும் அதுவே இறுதி நீதிமன்றம். 2022இல் ஊராருக்குத் தோல்வி: அவர்களின் பொது உரிமை அரசியலமைப்பு காக்கும் சொத்துரிமை ஆகாது, எனவே நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கலாம் என்று தீர்ப்பானது. 2024 பிப்ரவரியில் இன்னொரு வழக்கில் வெற்றி: விமான நிலைய அனுமதியை எதிர்த்து வழக்குத் தொடர உங்களுக்கு என்ன தகுதி என்று கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்ட இரண்டு பார்புடாக்காரர்களுக்குத் தகுதி உண்டு என்றது பிரிவி கவுன்சில். அவர்களில் ஒருவரான ஜான் முசிங்டன் கடல் உயிரியல் படித்தவர், உள்ளூர்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். அந்த மேல்முறையீடு முடிவதற்குள் ஓடுபாதை போட்டாகிவிட்டது. அதே ஆண்டில் விமான நிலையம் திறக்கப்பட்டது. தகுதி உண்டு என்ற தீர்ப்பு காட்டைத் திருப்பித் தராது. ஆனால் அடுத்த முறை கேட்காமல் செய்ய முடியாது என்ற தைரியத்தை ஊருக்குக் கொடுத்தது. தீர்ப்பு வந்த அன்று பழைய மாணவி ஒருத்தி எனக்கு அனுப்பிய செய்தியில், "மிஸ், நாங்க யாருன்னு கோர்ட் எழுதிட்டாங்க" என்று இருந்தது.

பையன், அந்தப் பரப்பளவுக் கணக்குக்காரன், இப்போது வளர்ந்துவிட்டான். கவுன்சிலில் நிலம் அளக்கும் பிரிவுக்குப் போக வேண்டும் என்று பள்ளியில் இருக்கும்போதே சொல்லிக்கொண்டிருந்தான். என்ன ஆனான் என்பதை அவன் அனுமதி இல்லாமல் பத்திரிகையில் எழுதுவது முறையல்ல.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பயணக் கட்டுரை போடுங்கள், இளஞ்சிவப்பு மணலின் படமும் போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? தவறான வரியை மட்டும் திருத்துங்கள். தீவில் காட்ரிங்டன் என்ற ஊர் இருக்கிறது, இர்மாவுக்குப் பின் மக்கள் அரசால் வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்து வாழ்கிறார்கள், தீவின் நிலம் யாருக்கு என்பது நீதிமன்றம் வரை போன வழக்கு என்று மூன்று வாக்கியம் போதும். சிறு எழுத்தில் மூலையில் போடாமல், அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில் போடுங்கள்.

வாசகர் யாராவது அந்தப் பக்கம் போக நேர்ந்தால் இன்னொரு வேண்டுகோள். பகல் படகில் போய், கடற்கரையில் படம் எடுத்து, மாலைப் படகில் திரும்பாதீர்கள். ஊரில் குடும்பங்கள் நடத்தும் சிறு விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன, ஓரிரவாவது அங்கே தங்குங்கள். பறவைகளைப் பார்க்க உள்ளூர்ப் படகுக்காரரை அமர்த்துங்கள். கிழக்கே இரண்டடி விரிகுடாப் பக்கம், செவ்விந்தியர்கள் பாறையில் முகம் செதுக்கிய குகைக்கும் அவர்களையே வழி கேளுங்கள். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் கரிபானா திருவிழா வரும். லெஸ்டரிலும் நியூயார்க்கிலும் இருப்பவர்கள்கூட அப்போது ஊருக்கு வருவார்கள். தங்க இடம் கிடைப்பது கடினம், முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆன்டிகுவாவில் பணியாற்றிய, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
தஞ்சாவூர்.